அம்மச்சியோட ஆமாடப்பெட்டியும் 18 தங்கக்காசும்: எடை, டென்சிட்டி, எழுத்து பாத்து மதிப்பு போட்ட அனுபவம்

அம்மச்சியோட ஆமாடப்பெட்டில, அதாவது பழைய தங்கக்காசு போட்டு வைக்கற பெட்டில, கெடந்த 18 தங்கக்காசுக்கும் ஒருவழியா பட்டியல் போட்டு முடிச்சாச்சு. எது என்ன காசு, எந்த வருஷம், எங்க அடிச்சது, எடை எவ்வளவு, அதுல தங்கம் எவ்வளவு, உருக்குனா என்ன கிட்டும், காசாவே வித்தா என்ன கிட்டும்னு எல்லாம் ஒரு நோட்டுல வரிசையா இருக்கு. இதே மாதிரி பழைய பெட்டியத் தொறந்து வச்சுக்கிட்டு என்ன செய்யன்னு தெரியாம இருக்கறவங்க எங்க விளவங்கோடு பக்கமும் சரி, அந்தப் பக்கம் பாறசாலை, நெய்யாற்றின்கரைலயும் சரி எத்தனையோ பேரு உண்டு, அதுல ஒருத்தராவது காச உருக்கக் குடுக்கறதுக்கு முன்னாடி இத வாசிக்கணும்ங்கறதுக்காகத்தான் உக்காந்து எழுதறேன்.

பெட்டி அம்மா வழியா வந்தது. அம்மா போன பெறவு அண்ணன், நான், தம்பி மூணு பேருக்கும் பங்கு வைக்கணும். அண்ணன் சொன்னது, "எடை போட்டு மூணா வகுத்தா தீந்துச்சுல்லா மக்களே, இதுல என்ன ஆராய்ச்சி?" தம்பி துபாய்ல இருக்கான், அவன் அங்க கொண்டு வந்து வித்தா நல்ல ரேட்டு கிட்டும்னான். எனக்கு ரெண்டுமே சரியாப் படல, ஏன்னா பெட்டிய விரிச்சு வச்சுப் பாத்தப்பவே எல்லாம் ஒரே மாதிரி காசு இல்லன்னு தெரிஞ்சுது. கொஞ்சம் கனமான ராஜா தல, ராணி தல பவுன் அஞ்சு. மெல்லிசா, வெளிறின மஞ்சள்ல, மனுஷ உருவம் போட்ட காசு ரெண்டு. பெறவு ஒரு சின்னத் துணி முடிச்சுக்குள்ள நகத்த விடச் சின்ன காசு பதினொண்ணு. எங்க குமரி மாவட்டத்து ஊரு 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோட இருந்த ஊரு, கொளச்சல் பக்கம் கப்பல் வியாபாரம் நடந்த கடல், அதனால ஒரே பெட்டில இங்கிலாந்து காசும் வெளிநாட்டுக் காசும் பணம்னு பேருள்ள மலையாளத்துக் குட்டித் தங்கக்காசும் சேந்து கெடக்கறதுல ஆச்சரியம் ஒண்ணும் இல்ல.

நான் வேலை பாக்கறது ரப்பர் பால் டெஸ்ட் பண்ற லேப்ல. பால்ல ரப்பர் எவ்வளவு இருக்குன்னு பாக்க எடையும் டென்சிட்டியும், அதாவது அடர்த்தியும்தான் தினமும் பொழப்பு. அதனால காசையும் அதே வழில பாக்கலாம்னு தோணுச்சு.

முதல்ல செஞ்சது, ஒண்ணும் செய்யாம இருந்தது. மைனி பாசமா பூந்திக்கொட்டை ஊறவச்ச தண்ணியும் புளியும் பழைய பிரஷும் எடுத்துட்டு வந்தாங்க, நம்ம வீட்டு நகையெல்லாம் அப்படித்தானே கழுவறோம். நான் வேண்டாம்னு தடுத்துட்டேன். நகைக்கு அது சரி, காசுக்கு ஆகாது. பிரஷ் போட்டுத் தேச்சா மேல்பரப்புல மயிரிழை மயிரிழையா கீறல் விழும், லென்ஸ்ல பாக்கறவங்களுக்கு அது உடனே தெரியும், சேகரிக்கறவங்க குடுக்கற கூடுதல் விலை அங்கயே போச்சு. புளியும் வேண்டாம், டூத் பேஸ்டும் வேண்டாம், பித்தளை பாலிஷ் கிட்டயே வரக்கூடாது. எங்க காசுல குங்குமமும் எண்ணெயும் சந்தனமும் அப்பிக் கெடந்துச்சு, அதுக்கு டிஸ்டில்டு வாட்டர்ல ராத்திரி முழுக்க ஊறவச்சேன், காலைல அசிட்டோன்ல ஒரு அஞ்சு நிமிஷம் போட்டு எடுத்து, டிஷ்யூ பேப்பர் மேல வச்சு மேல இன்னொரு டிஷ்யூ வச்சு ஒத்தி எடுத்தேன். தேய்க்கல. அசிட்டோன் தங்கத்த ஒண்ணும் செய்யாது, எண்ணெய்ப் பிசுக்க மட்டும் எடுக்கும். நெயில் பாலிஷ் ரிமூவர்ல வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும், அது வேண்டாம், மருந்துக்கடை இல்லன்னா லேப் சாமான் விக்கற கடைல சுத்தமான அசிட்டோன் கிட்டும். ஜன்னலத் தொறந்து வச்சுக்கணும், அடுப்புப் பக்கம் போகவே கூடாது.

கழுவறதுக்கு முன்னாடியே ஒவ்வொரு காசையும் ரெண்டு பக்கமும், ஓரத்தையும் போட்டோ எடுத்து நம்பர் போட்டு வச்சேன். போன நேரா மேல புடிக்க ரெண்டு பக்கமும் ஸ்டீல் டம்ளர் அடுக்கி நடுவுல கண்ணாடி வச்சு அது மேல போன். வெளிச்சம் மேல இருந்து வரக்கூடாது, பக்கவாட்டுல தாழ்வா ஒரு சின்ன எல்இடி டார்ச். சாய்ஞ்ச வெளிச்சம் இருந்தாத்தான் தேய்ஞ்சு போன எழுத்து எழும்பித் தெரியும். இது பெறவு எவ்வளவு உதவுச்சுன்னு கீழ சொல்றேன்.

வாங்குன சாமான்: 0.001 கிராம் வரைக்கும் காட்டற சின்ன தராசு 1,650 ரூபாய், டிஜிட்டல் காலிபர் 780, பத்து மடங்கு பெருசாக் காட்டற நகைக்கடை லென்ஸ் 320. தராசு கூட ஒரு 20 கிராம் படிக்கல்லும் வந்துச்சு. தராசு நல்லதுதான், ஆனா ஃபேன் ஓடிக்கிட்டு இருந்தா கடைசி ரெண்டு இலக்கமும் நிக்கவே நிக்காது, ஃபேன நிறுத்தி, மேல ஒரு பிளாஸ்டிக் டப்பாவக் கவுத்து வச்சுத்தான் படிச்சேன். காலிபரோட இரும்பு வாய் காசுல படாம இருக்க ரெண்டு பக்கமும் மெல்லிய பேப்பர் வச்சு அளந்து, பேப்பர் கனத்தக் கழிச்சேன்.

பவுன் காசுங்கறது இங்கிலாந்து சவரன், அதோட கணக்கு ரொம்பத் தெளிவானது. முழு சவரன் 7.988 கிராம், விட்டம் 22.05 மில்லிமீட்டர், கனம் 1.52, தங்கம் 22 காரட், அதாவது சுத்தத் தங்கம் 7.32 கிராம். அரை சவரன் இதுல பாதி எடை. நம்ம ஊர்ல 8 கிராம ஒரு பவுன்னு சொல்றது இதுல இருந்து வந்ததுதான். எங்களோட அஞ்சுல நாலு காசு 7.94ல இருந்து 7.98 வரைக்கும் நின்னுச்சு. புழங்கித் தேய்ஞ்ச காசு அந்தக் காலத்துல 7.938 கிராமுக்குக் கீழ போனா செல்லாதுன்னு இங்கிலாந்துல சட்டமே இருந்துச்சு, அந்த அளவ வச்சுப் பாத்தா நம்ம காசு நாலும் தேறுது. அஞ்சாவது மட்டும் 8.42. காரணம் கண்ணுக்கே தெரிஞ்சுது, மாலைல கோக்கறதுக்காக மேல ஒரு வளையம் பத்த வச்சிருக்காங்க.

டென்சிட்டி பாக்கற முறை இப்படி. ஒரு சின்ன கண்ணாடிக் கிண்ணத்துல தண்ணி ஊத்தி தராசு மேல வச்சு, எண்ண பூஜ்யமாக்கிக்கணும். காச மெல்லிய நைலான் நூல்ல கட்டி, தண்ணிக்குள்ள முழுசா முங்கற மாதிரி, ஆனா அடியவும் சுவரையும் தொடாத மாதிரி தொங்கவிடணும். கையால புடிச்சா ஆடும், நான் ரெண்டு அடுக்கு புத்தகத்துக்குக் குறுக்க ஒரு ஸ்கேல் வச்சு அதுல கட்டுனேன். தொங்கும்போது தராசு காட்டற எண்தான் காசு ஒதுக்கற தண்ணியோட எடை. காசோட எடைய அந்த எண்ணால வகுத்தா டென்சிட்டி. தண்ணில ஒரு சொட்டு பாத்திரம் கழுவற லிக்விட் விட்டா காற்றுக்குமிழ் ஒட்டாது, இல்லன்னா ஒரு கடுகளவு குமிழி போதும் கணக்கத் தப்பாக்க. நம்ம ஊரு வெயிலுக்குத் தண்ணி 28, 30 டிகிரில இருக்கும், அதனால கிடைச்ச விடைய 0.996ஆல பெருக்கிக்கணும்.

1910ஆம் வருஷத்து எட்வர்ட் ராஜா காசு 7.97 கிராம், தண்ணில காட்டுனது 0.450. வகுத்து, பெருக்கினா 17.64. தாமிரம் கலந்த 22 காரட்டுக்கு 17.6 பக்கம்தான் வரணும். வந்துச்சு. மத்த மூணு வளையமில்லாத காசும் இதே எடத்துல நின்னுச்சு. வளையம் வச்சது மட்டும் 17.05, பத்தவச்ச பொடியும் வளையமும் காரட் கம்மியான தங்கம், அதனால இறங்குது. சுத்தத் தங்கம் 19.3, வெள்ளி 10.5, தாமிரம் 8.96, இந்த மூணு எண்ணையும் நோட்டு அட்டைல எழுதி வச்சுக்கிட்டா போதும். பித்தளைல முலாம் பூசுனது 9க்குக் கீழ வரும், கிட்டயே வராது. காந்தம் வச்சுப் பாக்கறது இரும்பு இல்லன்னு மட்டும்தான் சொல்லும், அத நம்பி எதையும் தங்கம்னு சொல்லிரக்கூடாது.

டென்சிட்டி உலோகத்தச் சொல்லிரும், காச சொல்லாது. அதுக்கு எழுத்து படிக்கணும். பவுன் காசுல தல இருக்கற பக்கத்த எல்லாரும் பாப்பாங்க, குதிரை மேல உக்காந்து ஒருத்தர் டிராகனக் குத்தற பக்கத்துலதான் விஷயம் இருக்கு. குதிரை நிக்கற தரைக்கோட்டுல, வருஷத்துக்கு நேர் மேல நடுவுல, கண்ணுக்கே தெரியாத அளவுல ஒரு எழுத்து இருக்கும். எம்னா மெல்போர்ன், எஸ்னா சிட்னி, பி பெர்த், சி கனடா, எஸ்ஏ தென்னாப்பிரிக்கா, ஐ பம்பாய். எழுத்தே இல்லன்னா லண்டன். 1887க்கு முந்தின சில காசுல இந்த எழுத்து ராணி கழுத்துக்குக் கீழ இருக்கும். எங்களோட ராணி காசு 1898, எம் தெளிவா இருந்துச்சு. எட்வர்ட் 1910 எழுத்தில்ல, லண்டன்.

மூணாவது காசுதான் ரெண்டு ராத்திரி தூக்கத்தக் கெடுத்துச்சு. ஜார்ஜ் ராஜா, 1917. லென்ஸ்ல பாத்தா தரைக்கோட்டுல எழுத்து ஒண்ணும் இல்ல. 1917ல லண்டன்ல அடிச்ச காசு ரொம்ப அபூர்வம், அதுக்கு சேகரிக்கறவங்க குடுக்கற விலையே வேற, சாதாரண பவுனப் போல பல மடங்கு. அதே காரணத்துக்காக அந்த வருஷத்துக்குப் போலியும் நிறைய உண்டுன்னு தெரியும், ஆனா நம்ம காசு எடையும் டென்சிட்டியும் பிசகாம இருக்கே. அண்ணனுக்கு போன் போட்டுச் சொல்லியாச்சு, மைனி சாமி படத்துக்கு முன்னாடி வெளக்கு வரைக்கும் ஏத்திட்டாங்க. அடுத்த நாள் அசிட்டோன்ல இன்னொரு தடவ போட்டு, டார்ச்ச தரையோட தரையா சாய்ச்சு வச்சு, காச மெதுவா சுத்திச் சுத்திப் பாத்தா தரைக்கோட்டுல கெட்டியா அடஞ்சிருந்த சந்தனத்துக்குள்ள இருந்து ஒரு பி எழும்பி வந்துச்சு. பெர்த். பெர்த்ல 1917ல நாப்பது லட்சத்துக்கு மேல அடிச்சிருக்காங்க, அபூர்வமே இல்ல. ஏமாத்தம்தான், ஆனா இந்த ஒரு எழுத்து லட்சக்கணக்குல வித்தியாசம் காட்டும்ங்கறது அதுலதான் எங்க வீட்டுல எல்லாருக்கும் புரிஞ்சுது. எழுத்து இல்லன்னு முடிவு கட்டறதுக்கு முன்னாடி காச 360 டிகிரியும் சுத்திப் பாக்கணும்.

நாலாவது காசு 1918, அதுல ஐ. பம்பாய்ல சவரன் அடிச்சது அந்த ஒரே ஒரு வருஷம்தான், முதல் உலகப்போர் நடந்துக்கிட்டு இருந்த நேரம், ஏறக்குறைய 13 லட்சம் காசு. பெரிய அபூர்வம்னு சொல்ல முடியாது, ஆனா இந்தியாவுல அடிச்ச சவரன்ங்கறதால நம்ம ஊரு சேகரிப்பாளர்கள் தேடி வாங்கற காசு. உங்க பெட்டில 1918 இருந்தா இன்னொண்ணும் பாருங்க, அதே வருஷம் அதே பம்பாய்ல 15 ரூபாய்னு எழுதுன தங்கக்காசும் அடிச்சாங்க. எடை, அளவு எல்லாம் சவரன் மாதிரியே, பின்பக்கம் மட்டும் குதிரை இருக்காது, எழுத்து இருக்கும். எண்ணிக்கைல அது சவரன விடக் கூடுதல்தான், ஆனாலும் அது தனி வகைக் காசு. பவுன்தானேன்னு அதையும் சேத்து உருக்கக் குடுத்துரக் கூடாது.

இனி அந்த மெல்லிய காசு ரெண்டும். இதுலதான் எனக்கு அதிக நேரம் போச்சு, சந்தோஷமும் இதுலதான். ஒரு பக்கம் ஒருத்தர் நின்னுக்கிட்டு, முட்டி போட்டிருக்கற இன்னொருத்தர் கைல கொடிக்கம்பு குடுக்கறாரு. மறுபக்கம் முட்டை வடிவ வளையத்துக்குள்ள நட்சத்திரங்களுக்கு நடுவுல ஒருத்தர் நிக்கறாரு. அம்மா இத சாமி காசுன்னுதான் சொல்லும். அடுத்த தெருல இருக்கற மலையாளம் வாத்தியார் கைல வாங்கிப் பாத்த உடனே "இது ஆமாடல்லோ" அப்படின்னாரு. ஆமாடங்கறது வெனிஸ் நகரத்து டூகட் தங்கக்காசு, இந்தக் காசுகளப் போட்டு வைக்கற பெட்டியத்தான் ஆமாடப்பெட்டிங்கறாங்க. நிக்கறவர் புனித மாற்கு, முட்டி போட்டவர் வெனிஸோட அதிபதி, அவர டோஜேன்னு சொல்லுவாங்க, மறுபக்கம் ஏசு. 1284ல ஆரம்பிச்சு 1797ல வெனிஸ் குடியரசு விழற வரைக்கும் படத்தயும் தங்கத்தயும் பெருசா மாத்தாமலே அடிச்சிருக்காங்க. நல்லமிளகு வாங்க வந்த வியாபாரத்துல இந்தப் பக்கம் வந்து சேந்த காசு.

இதுல வருஷமே இருக்காது. டோஜே பேர படிச்சாத்தான் காலம் தெரியும். ஒரு ஓரத்துல அந்தப் பேரு மேல இருந்து கீழ போகும், கொடிக்கம்பு பக்கத்துல டி, வி, எக்ஸ்னு ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா மூணு எழுத்து. எதிர் ஓரத்துல எஸ், எம், பெறவு வெனிஸ் பேரோட முதல் எழுத்துக்கள். ஒரு காசுல எல், வி, டி, ஓ, வி வாசிச்சேன், அப்புறம் எம், ஏ, என், ஐ, என். லத்தீன்ல யுவுக்கு பதில் வி போடுவாங்க, அப்ப லுடோவ் மானின். லுடோவிகோ மானின், வெனிஸோட கடைசி டோஜே, 1789ல இருந்து 1797 வரைக்கும், நெப்போலியன் வந்து அந்தக் குடியரசு முடியறப்ப பதவில இருந்தவரு. எங்க குழித்துறை வீட்டுக் கட்டில்ல உக்காந்து அந்தப் பேர எழுத்துக் கூட்டி வாசிச்சப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துருச்சு.

ரெண்டாவது காசு பாக்க இத விடப் பளிச்சுன்னு, தேயாம இருந்துச்சு. நல்லா இருக்கறதுதான் ஒசத்தின்னு நானும் முதல்ல நினைச்சேன். ஆனா எழுத்து வாசிக்க முடியல. ஐ, ஐ, வி, ஓ, ஓ, ஒரு திருப்பிப் போட்ட என், அப்புறம் வெறும் கோடு. எந்த டோஜே பேரோடயும் ஒத்து வரல. ஏசுவோட முகத்துல மூணு புள்ளி, முட்டி போட்டவரோட கால் ஒரு வளைஞ்ச குச்சி. எடை 3.312, நல்ல டூகட் 3.5 கிராம் பக்கம் இருக்கணும். மானின் காசு 3.468 கிராம், தண்ணில 0.181, டென்சிட்டி 19.08. சுத்தத் தங்கத்துக்கு ரொம்பக் கிட்ட. ரெண்டாவது தண்ணில 0.192, டென்சிட்டி 17.18. அப்ப இது நம்ம நாட்டுல, எழுத்து தெரியாத ஒரு பொற்கொல்லர் வெனிஸ் காசப் பாத்து அச்சு வெட்டி அடிச்சது. மாலைல கோக்கறதுக்காக இப்படி அடிச்ச காசு தென்னிந்தியாவுல நிறையவே உண்டு. ஏமாத்தறதுக்குன்னு அடிச்ச போலின்னு இத ஒதுக்க எனக்கு மனசு வரல, நல்ல தங்கம்தான் போட்டிருக்காரு, படத்தயும் ஆசையா வெட்டியிருக்காரு. சேகரிக்கறவங்கள்லயும் இதுக்குன்னே ஆளு உண்டு.

துணி முடிச்சுல இருந்த பதினொண்ணும் பணம். ஒண்ணு 0.36 கிராம் சுமாருக்கு, விட்டம் ஒரு சட்டை பட்டன் அளவு கூட இல்ல. ஒரு பக்கம் வரிசையா புள்ளிகள், மறுபக்கம் உருவம் தேய்ஞ்சு கோடும் வளைவுமா மாறிப்போன ஒரு வடிவம். இந்த வகைல மலபார்ப் பக்கத்து வீரராயன் பணம்தான் அதிகம் கிட்டும். திருவிதாங்கூர்லயும் பணம் புழக்கத்துல இருந்துச்சு, 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு சர்க்கார் ரூபாய்னு கணக்கு. பாரசீக எழுத்து ஒண்ணு தெரிஞ்சா அது ஹைதர், திப்பு காலத்து மலபார்ப் பணமா இருக்கலாம், எங்களதுல அது இல்ல. இத விரலால எடுத்தா நழுவி ஓடிரும், ஒரு தட்டுல வெல்வெட் துணி விரிச்சு அதுலதான் வேலை பாக்கணும். பழைய கச்சேரிகள்ல, அதாவது அரசாங்க ஆபீஸ்கள்ல, குழி போட்ட சக்கரப்பலகை வச்சு ஏன் எண்ணுனாங்கன்னு இத எண்ணிப் பாத்தாத்தான் தெரியும்.

பணத்துக்கு டென்சிட்டி பாக்கப் போய்த்தான் முறை கை விட்டுச்சு. ஒரே காசு, 0.366 கிராம். முதல்ல தண்ணில 0.024 காட்டுச்சு, அடுத்து 0.027, அப்புறம் 0.022. வகுத்தா 15.2, 13.5, 16.6. மூணும் மூணு காரட். காசு அவ்வளவு சின்னதா இருந்தா தராசோட கடைசி இலக்கத்துல வர்ற சின்ன ஆட்டமே பத்து சதவீதத் தப்பாயிரும். அடுத்து தோணுனது, பதினொண்ணயும் ஒண்ணாப் பாத்தா என்ன? கொசுவலைத் துண்டுல சின்னப் பை தச்சு, பைய மட்டும் முதல்ல தண்ணில தொங்கவிட்டு பூஜ்யமாக்கி, பெறவு காசப் போட்டேன். மொத்தம் 4.02 கிராம், தண்ணில 0.273, டென்சிட்டி 14.67. இந்த எண் ஒவ்வொரு தடவயும் ஒரே மாதிரி வந்துச்சு. கணக்குப்படி தங்கம் 70 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழ, மிச்சம் வெள்ளியும் தாமிரமும். இது சராசரிதான், தனித்தனியா சொல்லாது, ஆனா பங்கு வைக்க அது போதும்.

பெறவு நாகர்கோவில்ல ஒரு ஹால்மார்க் சென்டர்ல நாலு காச மட்டும் எக்ஸ்ரே மெஷின்ல வச்சுப் பாத்தோம், ஜிஎஸ்டியோட 236 ரூபாய் ஆச்சு. போகும்போதே சொல்லிரணும், வெட்டக்கூடாது, சுரண்டக்கூடாது, முத்திரை குத்தக்கூடாது, எக்ஸ்ரே மட்டும் போதும்னு. மானின் டூகட் 99.1, நம்மூரு அச்சு டூகட் 87.6. என் டென்சிட்டி கணக்கோட ரெண்டும் ஒத்துப் போச்சு. ஒரு பணத்த வச்சப்ப மட்டும் 74 காட்டுச்சு, என் கணக்க விடக் கூடுதல். காரணம், எக்ஸ்ரே மேல்தோல மட்டும்தான் பாக்கும். காரட் கம்மியான பழைய காசுல மேல இருக்கற தாமிரம் காலப்போக்குல கரைஞ்சு போய் தோல்ல தங்கம் கூடுதலா நிக்கும். அதனால பழைய பணத்துக்கு நான் டென்சிட்டியத்தான் எடுத்துக்கிட்டேன். ஒரு பத்தர்கிட்டயும் காட்டுனோம், அவரு பழக்கத்துல உரைகல்ல எடுத்துட்டாரு, உரைச்சா ஓரத்துல தழும்பு விழும்னு சொல்லி வாங்கி வச்சுக்கிட்டேன், அவரு தப்பா எடுத்துக்கல.

விலை. கணக்கு எளிதா இருக்க 22 காரட் கிராம் 9,000 ரூபாய்னு வச்சுக்குவோம். ஒரு நகைக்கடைல எல்லாத்தயும் ஒரே தட்டுல போட்டு, 22 காரட் ரேட்ல, 3 சதவீதம் கழிவுன்னாங்க, பணத்த மட்டும் கலப்படம்னு தள்ளி வச்சுட்டாங்க. பவுனுக்கு அந்தக் கணக்கு ஓரளவு சரி, 7.97 கிராம் 71,730, கழிவு போக 69,578. ஆனா மானின் டூகட் 22 காரட் இல்லையே. 22 காரட்டுன்னா 31,212, அதுல இருக்கற சுத்தத் தங்கத்துக்குக் கணக்குப் போட்டா 33,742. ஒரே மெல்லிய காசுல இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல போகுது, அதுவும் காசுங்கற மதிப்ப சேக்காமலே. பணம் பதினொண்ணுல தங்கம் மட்டும் 27,000 ரூபாய்க்கு மேல வருது, அத கலப்படம்னு ஓரமா தள்றது எப்படி சரியாகும்?

காசா வித்தா என்னன்னு திருவனந்தபுரத்துல நடந்த ஒரு நாணயக் கண்காட்சிக்குப் போட்டோவும் எடைப் பட்டியலும் மட்டும் கொண்டு போனேன், காச கொண்டு போகல. மூணு வியாபாரிகள்கிட்ட தனித்தனியா கேட்டேன். மூணு பேரும் ஒத்துச் சொன்னது: சாதாரண வருஷத்துப் பவுனுக்குத் தங்க விலைக்கு மேல கொஞ்சம், பம்பாய் 1918க்கு அத விடக் கொஞ்சம் கூட, மானின் டூகட்டுக்கு நல்ல கூடுதல், பணத்துக்கு எடை பாக்கறதில்ல, ஒண்ணு இவ்வளவுன்னு விலை. வளையம் பத்தவச்ச காசுக்கு உலோக விலை மட்டும்தான், வளையத்த எடுத்தாலும் சூடுபட்ட தழும்பு போகாதுன்னாங்க. நெட்ல ஒரு காசுக்கு அம்பது லட்சம் கிட்டும்னு வர்ற வீடியோவ எல்லாம் விட்டுரணும், விக்கறவங்க கேக்கற விலையும் கணக்குல சேராது. ஏலத்துல கடைசியா எவ்வளவுக்குப் போச்சுங்கற பழைய விலைப்பட்டியல் மட்டும்தான் உபயோகம், அதுலயும் ஏலக்காரங்க கமிஷன் போக நம்ம கைக்கு என்ன வரும்னு பாக்கணும்.

தம்பி விஷயத்துக்கு வர்றேன். 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேல ஆன காசு தொல்பொருள். வீட்டுல வச்சுக்கலாம், பரம்பரையா வந்தத மறைக்க வேண்டிய அவசியமே இல்ல. நாட்ட விட்டு வெளிய கொண்டு போகத்தான் கூடாது, மாட்டுனா ஆறு மாசத்துல இருந்து மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், அபராதம் வேற. எங்க பெட்டில எல்லாக் காசுமே 1918, அதுக்கு முந்தினது. இத போன்ல விளக்கிச் சொன்னதும் தம்பி துபாய் யோசனைய விட்டுட்டான். மண்ணுல தோண்டும்போது கிட்டுனா அது வேற கத, 1878 புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிச்சே ஆகணும். பரம்பரைக் காசுக்கு வாரிசு வரி கெடையாது, ஆனா வித்தா லாபத்துக்கு வரி உண்டு, அதுக்கு 2001 ஏப்ரல் 1 அன்னைக்கு இருந்த மதிப்ப அடக்க விலையா எடுக்கலாம். அதனால யாருகிட்ட இருந்து வந்துச்சுன்னு நாங்க மூணு பேரும் கையெழுத்து போட்ட ஒரு தாளும் போட்டோவும் சேத்து வச்சிருக்கோம்.

பங்கு இப்படி முடிஞ்சுது. அண்ணனுக்கு 1898, 1910 பவுன் ரெண்டும், மூணு பணமும். தம்பிக்கு 1917 பெர்த்தும் வளையம் வச்ச 1911உம், ரெண்டு பணமும். அவன் பெஞ்சாதி அந்த வளையக் காச சங்கிலில போட்டுக்கணும்னு ஆசப்பட்டா, அதுக்குத்தான் அது சரி, வியாபாரில ஒருத்தரும் கூடுதல் தரப்போறதில்ல. எனக்கு பம்பாய் 1918, டூகட் ரெண்டு, ஆறு பணம். தங்கத்தோட விலைல மூணு பங்கும் ஏறக்குறைய ஒண்ணா வந்துச்சு, ஆனா சேகரிப்பு மதிப்பு என் பங்குல கூடுதல்ங்கறதால வியாபாரிங்க சொன்னதுல நடுவால இருந்த தொகைய எடுத்து மூணா வகுத்து ரெண்டு பேருக்கும் பங்கு பணத்த பேங்க் வழியா அனுப்பிட்டேன். அண்ணன் பட்டியலப் பூரா வாசிச்சுட்டு, "எடை போட்டு வகுத்திருந்தா தப்பாத்தான் போயிருக்கும்"னு அவனே சொன்னான்.

ஒவ்வொரு காசும் இப்ப தனித்தனி மைலார் உறைல, 350 ரூபாய்க்கு ஒரு கட்டு. மெதுவா வளையற பிவிசி உறை வேண்டாம், நாளாக நாளாக அதுல இருந்து பிசின் கசிஞ்சு காசுல ஒட்டும். உறை மேல நம்பர், எடை, விட்டம், டென்சிட்டி. ஆக மொத்தம் என் செலவு 3,336 ரூபாய். அடுத்த தடவ செஞ்சா நகைக்கடை லென்ஸுக்குப் பதில் போன்ல மாட்டற யூஎஸ்பி மைக்ரோஸ்கோப் வாங்குவேன், அந்த பி எழுத்து முதல் நாளே தெரிஞ்சிருக்கும். தராச ஒவ்வொரு தடவயும் படிக்கல் வச்சு சரிபாத்து, அந்த எண்ணயும் நோட்டுல எழுதுவேன். டென்சிட்டிக்கு முன்னாடி எழுத்து படிக்கறத வைப்பேன், ஏன்னா எழுத்து தெரிஞ்சா எடை எவ்வளவு இருக்கணும்னு முன்கூட்டியே தெரியும்.

அடுத்தது தக்கலைல சித்தி வீட்டுக் காசுமாலை. அதுல எத்தனை டூகட்டுல டோஜே பேரு வாசிக்க முடியுதோ பாக்கணும். வர்ற ஞாயித்துக்கிழமை தராசோட போறேன், அதுவரைக்கும் ஒண்ணும் கழுவ வேண்டாம்னு சித்திகிட்ட சொல்லியிருக்கேன்.